அடையாற்றங்கரையில் டப்பா தேடிப் போன சனிக்கிழமை

குழந்தைகளோடு போக ஏற்ற, எளிதான ஆற்றங்கரை நடை என்று ஜியோகேஷிங் செயலியில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் மகள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து கிளம்பினேன். அவளுக்கு எட்டு வயது. வீட்டில் இருந்தால் டிவி, வெளியே போனால் மால். ஒரு நாளாவது மண்ணை மிதிக்கட்டும் என்றுதான் இந்த விபரீத ஆசை.

ஜியோகேஷிங் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தைச் செயலியில் குறித்துவிடுவார். நாம் போன் காட்டும் வழியில் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பதிலுக்கு நம்முடையது ஒன்றை வைக்க வேண்டும். ஜெனி ஒரு பிளாஸ்டிக் யானையைப் பையில் போட்டிருந்தாள்.

பொழிச்சலூருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஆற்றங்கரையில் இறக்கிவிடச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "அங்க இன்னாக்கா கீது பாக்கறதுக்கு?" என்றார். கேள்வி நியாயமானது என்று இறங்கியதும் புரிந்தது. கரைமேல் மண்பாதை, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். தண்ணீரைக் காணோம், ஆகாயத்தாமரைதான் பரவிக் கிடந்தது. சாக்கடை நாற்றம் குடலைப் புரட்டியது. கருவேல மரங்களில் என் தலைக்கு மேலே கந்தல் துணியும் பாலிதீன் பையும் தொங்கின. மழையில் ஆறு அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. தாழ இறங்கும் விமானங்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு ஜெனி மட்டும் சந்தோஷமாக நடந்தாள்.

செயலி ஒரு வேப்பமரத்தைக் காட்டியது. வேருக்கடியில் சாம்பலும், உடைத்துப்போட்டுக் காய்ந்த பூசணிக்காயும் கிடந்தன. டப்பா இல்லை. குனிந்து துழாவிக்கொண்டிருந்தபோது, "இன்னாக்கா தேடிகினு கீறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் ஆட்டுக்கு ஒடித்த தழை. பெயர் மஞ்சுளா என்று பிறகு தெரிந்தது.

செயலியில் இருந்த படத்தைக் காட்டினேன். கறுப்பு டேப் சுற்றிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கை ஒடிந்த ஒரு பொம்மை, முடிச்சுப் போட்ட கலர் கயிறு, பெயர்கள் எழுதிய தாள். விளையாட்டு இன்னது என்றும் சொன்னேன். அவர் தழையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மழை ஓய்ந்த சமயத்தில் அவர் தெருவில் ஒரு சிறுமி காய்ச்சலில் இறந்துபோயிருக்கிறாள். அதே வாரம் யாரோ இந்த டப்பாவைக் கண்டெடுத்துத் திறந்திருக்கிறார்கள். பொம்மை, முடிச்சு, பெயர்கள். செய்வினை என்று முடிவுகட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்? தழை ஒடிக்கத் தினமும் அந்த மரத்தடிக்கு வந்துபோகிறவர் மஞ்சுளா ஒருவர்தான், பழி அவர்மேல் விழுந்தது. டப்பாவைக் கொளுத்தினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அன்றிலிருந்து அவர் கைபட்ட எதையும் தெருவில் யாரும் வாங்குவதில்லை. வீட்டு ஓனர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இறந்த சிறுமியின் அப்பா ஒரு வார்த்தை சொன்னால்தான் ஓனர் மனசு மாறுவாராம். யாரோ பொழுதுபோகாமல் வைத்த டப்பா இது.

"எங்க தெருவுல வந்து ஒரு வாட்டி இத்த சொல்றீங்களாக்கா? நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீங்க படிச்சவங்க."

போனோம். சிறுமியின் அப்பா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். கீழ்க்கட்டளையில், தாம்பரத்தில் இதே மாதிரி இருக்கும் டப்பாக்களையும், அவற்றைத் தேடிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் குடும்பங்களையும் காட்டினேன். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இதே டப்பாதான் என்றார். பிறகு மஞ்சுளாவை நிமிர்ந்து பார்த்து, ஓனரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் வீட்டுக்குள் ஓடி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். வெயிலில் வாடி நின்ற ஜெனியிடம், அத்தனை பேர் முன்னாலும் நீட்டினார்.

ஜெனி பின்வாங்கி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் ஆன்ட்டி. தெரியாதவங்க குடுத்தா எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது" என்றாள். நானும் அவள் பள்ளியும் மாற்றி மாற்றி ஓதிய பாடம்தான். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்.

நான் சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கி மடமடவென்று குடித்தேன். எங்கள் வீட்டுக் கண்டிப்பு அது, வேறொன்றுமில்லை என்று அரற்றினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் ஜெனிமேல்தான் இருந்தது. அந்த அப்பா போனை என் கையில் கொடுத்தார். "கொழந்தைக்குத் தெரிதுக்கா" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. மஞ்சுளா காலிச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போக நினைப்பவர்களுக்கு: அங்கே இப்போது டப்பா இல்லை, செயலியிலும் எழுதிவிட்டேன். காலணி கெட்டியாக இருக்கட்டும், கரையில் கண்ணாடித் துண்டுகள் நிறைய. நீங்கள் டப்பா வைக்கிறவராக இருந்தால் மேலே இது இன்னது என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்துத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். பொம்மையும் கயிறும் வேண்டவே வேண்டாம். திரும்பி வர அங்கே ஆட்டோ சுலபத்தில் கிடைக்காது. மெயின் ரோடு வரை நடந்து, இருநூறு ரூபாய் கொடுத்து வந்தோம்.

ஆட்டோவில் ஜெனி பிளாஸ்டிக் யானையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நான் கரெக்டாதானேம்மா சொன்னேன்?" என்று கேட்டாள்.

கரெக்டாகத்தான் சொன்னாய் என்றேன்.