சிவப்பாய்த் தெரிந்த இரண்டு ஏக்கர்

போர் முடிந்த அடுத்த மாரியில், செய்மதிப் படத்துக்கும் வயலுக்கும் நடுவே அலைவதுதான் என் வேலையாக இருந்தது. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் இது நெல், இது புல் என்று அலுவலகம் குறித்துத் தரும். நான் மோட்டார் சைக்கிளில் போய், அந்த இடத்திலேயே நின்று, சரியா பிழையா என்று படிவம் நிரப்ப வேண்டும். இதற்கென்று நான் எங்கும் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். படிவத்தின் பின்பக்கத்தில் ஆட்கள் சொல்லும் பேச்சை எழுதி வைப்பது என் சொந்தச் சேட்டை.

வவுணதீவுக்கு மேற்கே ஒரு வட்டை. பல நூறு ஏக்கர் வயல் ஒன்றாய்க் கிடந்த வெளி, சனம் ஓடிய நாளிலிருந்து பற்றைக்காடாகிவிட்டது. படங்களில் அந்தக் காடு வருடம் முழுக்க ஒரே மங்கல் நிறம். நடுவில் நகத்தளவு இடம் மட்டும் சிவப்பு. அந்த வகைப் படத்தில் செழித்த பயிர் அப்படித்தான் தெரியும். பழைய படங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மாரியும் மழை விழுந்ததும் அந்த இடம் சிவக்கிறது. மற்ற ஊர்களில் அறுவடை நடக்கும் நாட்களில் மங்குகிறது. ஆளில்லாத வெளியில் யாரோ காலம் தவறாமல் விதைத்து அறுப்பதுபோல.

அந்த வட்டையின் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் கேட்டேன். அது யாருடைய வயல் என்று சொல்லாமல், அடுத்த நாள் அதன் சொந்தக்காரியையே கூட்டி வந்துவிட்டார்.

அவ என்னைவிடக் கொஞ்சம் மூத்தவ. முன்பு பெரியகல்லாற்றில் இருந்தவர்கள். சுனாமி வீட்டையும் கல்யாணப் படங்களையும் சேர்த்தே வாரிக்கொண்டு போயிற்று. கடல் வராத இடத்தில் இருப்போம் என்று கணவர் குடும்பத்தோடு வாவி கடந்து இந்த வயலுக்கு வந்தார். பின்னேயே ஷெல் வந்தது. கதிர் முற்றிய நாளொன்றில் எல்லோரும் ஓடும்போது, “தண்ணிய வடிய விட்டுட்டு வாறன், நீங்க முன்னுக்கு நடங்க” என்று திரும்பிப் போனவர், வரவேயில்லை.

அவ படத்தைக் கையில் வாங்கினா.

“என்ன தம்பி, ரெத்தமாக் கிடக்கு?”

“ரெத்தமில்ல அக்கா. பச்சைதான் இதில இப்பிடித் தெரியும்.”

“அப்ப ஆரோ விதைக்காங்க.” விரல் அந்தச் சிவப்பை விட்டு எடுபடவில்லை. “அவர்தான் தம்பி. ஒளிச்சிரிக்கார்.”

கண்ணிவெடி எடுத்து வெள்ளைக் குச்சி நட்ட ஒற்றைப் பாதை அந்த வயலுக்குப் போய், அதன் ஒரு வரம்பு நெடுகவும் நீண்டது. மூவரும் காலையில் நடந்தோம். வட்டவிதானையார் வாயை மூடவில்லை.

“மேல நிண்டு பாக்கிறவனுக்கு ஆளத் தெரியாதாமா?”

“ஆள் தெரியாது விதானையார், வயல்தான் தெரியும்.”

“அப்ப என்ட மனிசி திறம். குசினிக்குள்ள இருந்தே நான் எந்த வரம்பில நிக்கன் எண்டு சொல்லுவாள்.”

பற்றை விலகியதும் அவரும் நின்றுவிட்டார். இடுப்பளவுக்கு நெல் நின்றது. கதிர் வெளியே பறிந்து கொண்டிருந்தது. காவல் வாடி இல்லை, புகை இல்லை, சேற்றில் ஒரு காலடி இல்லை. வரம்பைத் தாண்டி இறங்க எங்களுக்கு அனுமதியும் இல்லை.

“இஞ்சேருங்க!” என்று அவ கூப்பிட்டா. “நான்தான் வந்திரிக்கன்.”

நெல்லுக்குள் ஏதோ அசைந்தது. வட்டவிதானையார் என் சட்டையைப் பிடித்தார். கொக்குகள் நாலைந்து எழும்பிப் பறந்தன. பிறகு அதுவும் இல்லை.

“விழுந்த நெல்லு பிள்ள,” என்றார் விதானையார் மெதுவாக. “வெட்டாம விட்ட வேளாண்ம உதிர்ந்து, மழைக்கு மழை முளைக்குது. ஒருத்தரும் விதைக்கல்ல.”

“முதல் விதைச்சது அவர்தானே?”

“ஓம்.”

அவ வரம்போடு நடந்து, தண்ணீர் வடியும் வக்கடையருகே குந்தினா. புல்லை விலக்கினா. வக்கடையை அடைக்கும் பலகை வரம்பின்மேல் கிடந்தது, மேலே ஒரு கல். வெள்ளம் இழுக்காமல் கல் வைப்பது அவருடைய வழக்கமாம்.

“வந்திரிக்கார்,” என்றா. “தண்ணிய விட்டுட்டுத்தான் போயிரிக்கார்.” கல்லை அவ தூக்கவில்லை. கையை மட்டும் அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தா.

திரும்பும்போது படத்தைத் தரச் சொன்னா. “அவர்ர படம் ஒண்டும் வீட்டில இல்ல தம்பி. இதாவது கிடக்கட்டும்.”

கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில், படம் மழையில் நனைந்துவிட்டது என்றேன். படிவத்தில், விதைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

வெடி எடுத்து முடிந்து அடுத்த மாரிக்கு வட்டை முழுக்க உழுதார்கள். அவ மட்டும் உழ விடவில்லை. முதல் மழைக்குப் பிறகு வந்த படத்தில், மற்றவர்கள் விதைநெல்லை ஊறப்போட்டுக்கொண்டிருந்த நாளில், கறுத்த வெறும் மண்ணின் நடுவே அந்த இரண்டு ஏக்கரும் சிவந்து கிடந்தன.