ஒரு புரோட்டானுக்கு இரண்டு நிமிட மௌனம்

துகள் முடுக்கிக் கூடத்தில் அவளை எல்லோரும் தகடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளங்கை அகலச் சிலிக்கான் தகடு ஒன்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முடுக்கியில் பிறக்கும் அபூர்வ அணுக்கருக்கள் பறந்துவந்து அந்தத் தகட்டில் புதையும். நியூட்ரான் பற்றாக்குறை, புரோட்டான் நெரிசல் என்று இருக்கிற கருக்கள். கடைசிப் புரோட்டானுக்கு அங்கே இடமே கிடையாது. மின்விசை, சுவர்போல மறிப்பதால் ஏதோ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கண் இமைக்கும் நேரத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. பிறகு சுவரை ஏறாமல், உடைக்காமல், எப்படியோ அந்தப் பக்கம் போய்விடும். திரையில் இரண்டு கோடுகள் எழும்: வந்தது, போனது.

அவள் கணவர் பல் மருத்துவர். "என்கிட்ட வர்றவங்க வாயத் திறக்கறதுக்குள்ள உன் ஆளுங்க வந்துட்டுப் போயிடறாங்க," என்பார்.

அந்த ஆண்டு புதுசாக ஒரு கரு தென்பட்டது. செய்தி மேலிடம் வரை போக, அமைச்சரே நேரில் வந்து அதைத் தொடங்கிவைப்பதாக முடிவாயிற்று.

"அமைச்சர் ரிப்பன் வெட்டும்போது அது உயிரோட இருக்கணும்மா," என்றார் இயக்குநர்.

"சார், கத்தரிக்கோல எடுக்கறதுக்குள்ளயே போயிடும்."

"அப்படின்னா ரெண்டு மூணா தயார் பண்ணி வை."

"வாரத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிய விஷயம் சார். அதுவா வந்தாத்தான் உண்டு."

"எதுக்கும் சொல்லிப் பாரு," என்றார் அவர். யாரிடம் சொல்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

அமைச்சர் வந்தார். கட்டுப்பாட்டு அறையில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். காபி வந்தது, போனது. கரு வரவில்லை. குளிர்சாதனக் காற்று மூக்கில் ஏற, அவர் பலமாக ஒரு தும்மல் போட்டார். அந்த நேரம் பார்த்துத் திரையில் இரண்டு கோடுகள்.

"சார், வந்துடுச்சு!"

"எங்க?"

"போயிடுச்சு சார்."

அமைச்சர் முகம் சுருங்கிப்போனது. "போயிடுச்சா... சின்ன வயசா?"

"ரொம்பவே சின்ன வயசு சார். ஆனா..."

அவர் எழுந்துவிட்டார். "எல்லாரும் எழுந்திருங்க. ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம்."

இயக்குநர் தலை முதலில் கவிழ்ந்தது. அவள் கிசுகிசுத்தாள்: "சார், அது சாகல. ஒரு புரோட்டான் மட்டும்தான் வெளியே..." இயக்குநர் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணை மூடவில்லை. அறையே மூச்சடங்கி நிற்க, திரையில் மறுபடி இரண்டு கோடுகள்! அதே ஆற்றல், அதே ஜாடை. ஒன்றிரண்டென்றால் தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள். இனி அப்படிச் சொல்லி யாரும் வாய் திறக்க முடியாது.

"இன்னொண்ணு!" என்று அலறிவிட்டாள்.

அமைச்சர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அதுக்கும் சேர்த்துத்தான் நிக்கறோம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசைக்கு அடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்து, வயிறு வலிக்கும்வரை சிரித்தாள். குலுங்கும் முதுகைப் பார்த்த அமைச்சரின் உதவியாளர், அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கோலத்திலேயே படமும் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அது செய்தித்தாளில் வந்தது. நாத்தனார், கையில் பையோடு வீட்டுக்கே வந்து இறங்கினாள்.

"யாரு அண்ணி போனது? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"புரோட்டான்."

பெயரைக் கேள்விப்படாவிட்டாலும் நாத்தனார் உச்சுக் கொட்டினாள். "பாவம். யாராவது இருக்காங்களா பின்னாடி?"

புரோட்டான் போன பிறகு மிஞ்சுவதை மகள் கரு என்றுதான் கூடத்தில் சொல்வார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஒரு மகள் இருக்கா."

"அய்யய்யோ! அவள யாரு பாத்துக்கறது?"

"நான்தான்," என்றாள் தகடு அக்கா.

நாத்தனார் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த வாரம் முழுக்க அடுப்படிப் பக்கமே அவளை விடவில்லை.