பிலோமினா அக்கா திருப்பி வாங்கிய படங்கள்

மன்னார் பஸ்ஸில் வந்த தாதி ஒருத்தி, முருங்கன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே, "பிலோமினா அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா" என்றாள். அடக்கத்துக்கு அடுத்த பஸ்ஸில் புறப்பட்டேன்.

என்னைப்போல அவரோடு மருத்துவிச்சிகளாக வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவர் வரைந்த ஒரு படத்தின் கதை மட்டும் எல்லோருக்கும் முழுதாகத் தெரியாது.

பிரசவத்தில் முதலில் என்ன செய்வது, அடுத்தது என்ன, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று கட்டங்களும் அம்புக்குறிகளுமாக ஒரு படம் கீறித் தரும்படி எங்கள் ஆஸ்பத்திரி டொக்டர் துரை கேட்டார். ஊர் மருத்துவிச்சிகளுக்காக. அக்கா முதலில் கீறியதில் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் போட்டிருந்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின.

"விளங்குதோ, திரேசா?"

"எங்க தொடங்கிறது எண்டே தெரியேல்லை, அக்கா."

சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டார். "ஒரு கட்டத்தில ஒரு கேள்விதான் கேக்கவேணும். ஓம் எண்டால் ஒரு வழி, இல்லையெண்டால் மற்ற வழி."

இரண்டாவது படம் துரைக்கு நன்றாகப் பிடித்தது. பிரதி எடுத்து ஊர்களுக்கு அனுப்பினோம்.

அதன் பிறகு ஓலைத்தொடுவாயில் ஒரு பிரசவத்துக்கு இருவரும் போனோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது. நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. நான் படத்தை வாசித்தேன்: கொடி விழவில்லையென்றால் பொறுத்திருந்து மறுபடி பார். பார்த்தோம், விழவில்லை. அம்புக்குறி மறுபடியும் 'பொறுத்திரு' என்ற கட்டத்துக்கே கொண்டுபோனது. தாயின் கை குளிர்ந்துகொண்டு வந்தது. அக்கா படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள போனவள் வெளியில வர நான் வழி வைக்கேல்லை. வண்டியைக் கட்டச் சொல்லு!"

தாய் பிழைத்தாள். மறுநாளே அக்கா துரையிடம் தன் பிழையைச் சொன்னார். திருத்தியதைத் தபாலில் அனுப்பினால் போதும், நேரில் போய்ச் சொன்னால் மரியாதை கெடும் என்றார் துரை. அக்கா கேட்கவில்லை. மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் கட்டுக்கரை வயல் ஊர்களிலும் வீடு வீடாகப் போனார்.

"நான் கீறினதில பிழை இருக்குது. அதைத் தாங்கோ, இதை வைச்சிருங்கோ."

புதிய படத்தில் பொறுப்பதற்கு ஓர் எல்லை இருந்தது: ஒரு பானை சோறு வேகும் நேரம். கடிகாரம் இல்லாத வீடுகளுக்காக அப்படி எழுதினார். அதற்கு மேல் ஒரே வழி, ஆஸ்பத்திரி.

சில வருடங்களுக்குப் பிறகு எனக்கும் பிரசவத்தில் கொடி விழவில்லை. என்னைப் பார்க்க வந்த முஸ்லிம் மருத்துவிச்சி அடுப்பில் உலை வைத்தார். சோறு வெந்ததும், "இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது, வண்டியைப் பிடியுங்கோ" என்று என் வீட்டுக்காரரை விரட்டினார். அரை மயக்கத்திலும் அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

அன்று பிறந்த மகள் அடக்கத்துக்கு என்னோடு வந்தாள். குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, "நன்றி சொல்லுங்கோ, அம்மா" என்றாள். சொன்னேன்.

பிழை என்னுடையது என்று தெரிந்தால் இப்போது நான் ஆள் அனுப்புவதில்லை. நானே போய்ச் சொல்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அது.