எழுத்தைப் பார்த்து மாட்டிய பெட்டி

சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியை யாராவது நின்று பார்த்தால், அதில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். கேபிளுக்குள் தலைமுடி போல வருகிற கண்ணாடி இழையை இன்னொரு இழையோடு ஒட்டிப் பாதுகாத்து வைக்கிற இடம் அது. மழை, தூசி, பல்லி, மனிதர் கை எதுவும் உள்ளே போகக்கூடாது. அதற்கேற்ற தகரத்தையும் ரப்பரையும் துளைகளையும் கணினியில் வரைவது என் வேலை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாகர்கோவில் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக முதலாளி சொன்னார். அந்த ஆறு மாதமும் நான் எந்த அளவையும் மூன்று தடவை சரிபார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை; பஸ்ஸில் உட்கார்ந்து நான்காவது தடவை மனதுக்குள் பார்ப்பேன். முதல் வேலையில் இப்படித் தூக்கம் கெட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கோட்டாற்றில் குடித்தனம்

இது நான் நேரில் பார்த்ததல்ல, ஜெபராஜ் அண்ணன் சொன்னது. எங்கள் பெட்டிகளைச் சுவரில் மாட்டி, இழைகளை ஒட்டிக் கொடுப்பவர் அவர். பட்டறையின் நிரந்தர ஆள் அல்ல. வேலை இருந்தால் முதலாளி கூப்பிடுவார்.

கோட்டாற்றில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை. அங்கே இன்டர்நெட் அடிக்கடி நின்றது. அண்ணன் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சீப்பு, கற்பூரப் பொட்டலம், கடையின் மாற்றுச் சாவி, கூட்டோடு ஒரு மூக்குக் கண்ணாடி. அந்தக் கூடுதான் இழையை மடக்கி அழுத்தியிருந்தது. இழையை அளவுக்கு மேல் வளைத்தால் உள்ளே ஓடுகிற வெளிச்சம் கசிந்துவிடும். அண்ணன் இதை விளக்கியபோது கடைக்காரர் அசரவே இல்லையாம். "ஒரு நூலுக்கு இம்புட்டு பெரிய வீடா தம்பி? பூட்டும் சாவியுமா எடம் சும்மா கெடக்கேன்னு நாங்களும் குடியேறிட்டோம்."

மயிலாடித் தூசி

மயிலாடியில் ஒரு சிற்பக்கூடத்தின் ஆபீஸ் அறைக்குப் பெட்டி கேட்டார்கள். வெளியே நாலு மெஷின் கல் அறுத்துக்கொண்டிருந்தது. மேசை, காலண்டர், டீ கிளாஸ் எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைப் பொடி. அதற்காகவே மூடியைச் சுற்றி இரட்டை ரப்பர் வைத்து வரைந்திருந்தேன். பெட்டியைக் கொண்டுபோன சாக்கில் அதைச் சிற்பியிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒரு பொட்டுத் தூசி உள்ளே போகாது, அண்ணாச்சி."

அவர் முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கினார். மூக்குக்குக் கீழே மட்டும் மனித நிறம். ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தார். "நல்லதாக்கும் மக்கா. மூக்குக்கு இதே மாதிரி ஒண்ணு எப்பம் வரையப் போற?"

வெள்ளையடிப்பு

ஒரு சபைக் கட்டடத்தின் வராந்தாவில் பெட்டி வைத்தோம். சுவரோடு சுவராக இருக்க வேண்டும், கண்ணை உறுத்தக்கூடாது என்று சபைப் பெரியவர் கேட்டுக்கொண்டார். வெள்ளைப் பெட்டிதான் கொடுத்தோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆராதனையை நேரலையில் காட்ட முடியவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால் பெட்டியைக் காணோம்.

பெயிண்டர் ஏணியில் நின்றபடி மேற்சுவர் அடித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டுவதுபோலச் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் தகரச் சத்தம் கேட்டது. பூட்டு, இடுக்கு, சுவரைச் சுரண்டும்போது நசுங்கிய கேபிள் எல்லாம் மூன்று பூச்சுக்கு அடியில். "ஏன் அண்ணே இப்படி?" என்றேன். அவர் பிரஷை நிறுத்தவில்லை. "கண்ணுல படக்கூடாதுன்னுதான பிள்ளே பெரியவரு சொன்னாவ? இப்பம் படுதா?"

கன்னியாகுமரியில் மழை

இதுவரை சொன்னவை பழைய பெட்டியில் நான் செய்த சில்லறை மாற்றங்கள். முழுக்க நானே வரைந்த முதல் பெட்டி கன்னியாகுமரி லாட்ஜ்களுக்குப் போனது, நாற்பது எண்ணம். அது நன்றாக இருந்தால்தான் நான் நிரந்தரம் என்பது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத திருகாணி, கேபிள் நுழைய அடிப்பக்கத்தில் துளை. கேபிள் மேலிருந்து வந்தாலும், பெட்டிக்குக் கீழே இறங்கி வளைந்து மேலேறித்தான் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மாதிரிப் பெட்டியை மாட்டி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு துளி இல்லை.

இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் பல லாட்ஜ்களில் இன்டர்நெட் இல்லை. பெட்டிகளுக்குள் தண்ணீர் நிற்கிறது, எல்லாவற்றிலும் துளை மேலே பார்த்து இருக்கிறது என்று போன் வந்தது. முதலாளி ஜெபராஜ் அண்ணனைக் கூப்பிட்டார். "இத்தன வருசம் வேல பாத்த ஆளு, கேபிள் கீழ இருந்துதான் உள்ள கேறணும்னு தெரியாதா?" அண்ணன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "மூடியில உள்ள எழுத்து நேரா வருத மாதிரிதான் சார் மாட்டினேன்," என்றார். முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. "இனி உனக்கு இங்க வேல இல்ல." அண்ணன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் அங்கேதான் நின்றேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துச் சொல்ல மனமில்லை. முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ பயப்படாத மக்கா, பெட்டியில குத்தமில்ல," என்றார்.

மூடியின் படம்

எழுத்து என்று அண்ணன் சொன்னது மனதில் உறுத்தியது. வரைபடத்தைத் திறந்தேன். பெட்டியின் உடலை ஒரு தாளிலும் மூடியை இன்னொரு தாளிலும் வரைந்திருந்தேன். பூட்டின் அளவைக் குறிக்க வசதியாக இருக்கட்டும் என்று மூடியைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தேன். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தையும், அதற்கு 'மேல்' என்று ஓர் அம்புக்குறியையும் அதே தாளில் போட்டிருந்தேன். பட்டறையில் அம்புக்குறிப்படி ஒட்டியிருக்கிறார்கள். மூடி ஒரு விதமாகத்தான் பொருந்தும். ஆகவே, எழுத்து நேராக நின்றால் பெட்டி தலைகீழாக நிற்கும். நான் தண்ணீர் ஊற்றிய மாதிரிப் பெட்டியில் ஸ்டிக்கரே இல்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த வரைபடத்தில் அம்புக்குறியைத் திருப்பினால் யாருக்கும் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றைத் திறக்கக்கூட இல்லை. பிறகு இரண்டு தாளையும் எடுத்துப் போய் முதலாளி மேசையில் வைத்தேன். அவர் மூடித் தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உன் ஆறு மாசம் ஒம்பது மாசமாச்சு. நாப்பது பெட்டியையும் நீ கூட நின்னு திருப்பணும். மொதல்ல ஜெபராஜுக்கு நான் போன் போடுதேன், அந்த போனை எடுத்துத் தா."

நாற்பதும் திரும்பின

அடுத்த நாள் கன்னியாகுமரி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் லாட்ஜுக்கு நடக்கும்போது நானே கேட்டேன். "அண்ணே, கேபிள் கீழே இருந்துதான் உள்ளே வரணும்னு உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு போன் போட்டிருக்கலாமே?"

அவர் டிரில் மெஷினை மறு தோளுக்கு மாற்றினார். "தெரியும் பிள்ளே. ஆனா படிச்ச பிள்ளையாக்கும் வரைஞ்சிருக்கு, இப்பம் புதுசா இப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

அந்த முதல் பெட்டியைக் கழற்றியபோது, பின்னால் சுவரில் சிமெண்ட் வைத்து அடைத்த மூன்று துளைகள் இருந்தன. டேப் வைத்து அளந்து பார்த்தேன், என் வரைபடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அவர் முதலில் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார், மூடியைப் போட்டு என் ஸ்டிக்கரைப் படித்த பிறகுதான் கழற்றித் தப்பாக மாட்டியிருக்கிறார்.