நாலு விரல் உயரம்

கண்ணாடிக்காரரைப் பொறாமைக்காரர் என்று சொன்னால் அவருடைய தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மாடி எடுத்தபோது முதலில் போய் வாழ்த்தியவர் அவர்தான். பக்கத்துக் கடைக்காரரின் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது விமான நிலையம் வரை பெட்டி தூக்கிக்கொண்டு போனார். ஊரார் நன்றாக இருந்தால் அவருக்கு ஒன்றும் செய்யாது. அவருடைய வயிற்றெரிச்சல் மொத்தமும் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஆளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஆள் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன்.

சகலை கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர். இவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் குளியலறைக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துபவர். தொழில் வேறு, வருமானம் ஏறக்குறைய ஒன்று. ஆறு வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே கம்பெனியின் பிக்கப் வண்டியை, அதே வெள்ளை நிறத்தில், ஒரே வாரத்தில் வாங்கினார்கள். முதலில் பதிவு செய்தது இவர். முதலில் வண்டி கைக்கு வந்தது அவருக்கு. இடையில் இருந்தது இரண்டே நாள்தான், ஆனால் அந்த இரண்டு நாளை இவர் ஆறு வருடமாக மென்றுகொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் சகலையின் வண்டி வயல்காட்டில் இரண்டு முறை புதைந்துவிட்டது. மனிதர் பார்த்தார், கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றி விற்றுவிட்டுப் பெரிய டயர் நாலு மாட்டினார். வண்டியைத் தூக்க ஸ்பிரிங்குகளுக்கு மேல் இரண்டு அங்குலக் கட்டையும், அதாவது ஸ்பேசரும், வைத்தார். மொத்தத்தில் வண்டி நாலு விரல் உயர்ந்தது. நாலு விரல்தானே என்று நாம் சொல்லலாம். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். சகலையின் வண்டி நிமிர்ந்து நிற்கும், இவருடையது அதன் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு வாசலில் இரண்டும் நின்றன. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் ஊன்றுகோலோடு ஜன்னலருகே போய் வெளியே பார்த்தார்.

"சின்ன மாப்பிள்ளை வண்டி கம்பீரமா நிக்குது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வேறு யாருக்கும் அது காதில்கூட விழுந்திருக்காது. கண்ணாடிக்காரருக்கு மட்டும் சாப்பிட்டது நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

இங்கே மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தபால் நிலையத்தில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நாலு மாதத்துக்கு முன் வலது முட்டியில் அறுவை சிகிச்சை ஆனது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கால் பயிற்சி செய்ய வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கூட்டிப்போய்க் கூட்டிவருவது கண்ணாடிக்காரர். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். கண்ணாடி ஏற்றிப் பழகியவர் ஆனதால் வண்டியை அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுவார். வேகத்தடை வந்தால் வண்டி அதன்மேல் ஏறி இறங்கியதே தெரியாது.

அந்த எண்பது நிமிடத்தில் அவர் பேசுவார். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மகள் போனைத் திறப்பாள், மனைவி டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். மாமியார் அப்படி இல்லை. பாதி உடம்பை அவர் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு, கவுண்டரில் வந்து நிற்பவரின் முறையீட்டைக் கேட்பதுபோல முழுசாகக் கேட்பார். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டே வருடத்துக்கு மூன்று முறை அலமாரிக் கண்ணாடி மாற்றுகிறார்கள் என்று இவர் சொன்னபோது, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த வாரம் மறக்காமல், "அந்த வீட்டுல இந்த வாரம் எதுவும் உடையலையா?" என்று கேட்டார். உலகத்தில் இவருடைய தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு இருந்தும் மனிதருக்குத் திருப்தி இல்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப்பூதான் தான் என்று அவர் நினைத்தார். சின்ன மாப்பிள்ளைக்கு நேரம் இல்லை, அதனால் பெரிய மாப்பிள்ளை. அவருக்கு மட்டும் நேரம் இருந்திருந்தால் மாமியார் அந்தக் கம்பீரமான வண்டியில்தான் போயிருப்பார். ஜன்னலருகே அந்த வார்த்தை விழுந்ததும் இந்த நினைப்புக்கு ரசீது கிடைத்தது போல் ஆகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் மனைவியிடம் சொன்னார். "நம்ம வண்டிக்கும் பெரிய டயர் போடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"ரோடு சரியில்லை."

"ரோடு எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா இருக்கு. உங்க இஷ்டம்."

புதன்கிழமை காலை டயர்க்கடையில் வண்டியை நிறுத்தினார். சகலைக்கு மாட்டிக் கொடுத்ததும் அதே கடைக்காரர்தான்.

"அவரு சேத்துல போறாரு, போட்டாரு" என்றார் டயர்க்கடைக்காரர். "நீங்க கண்ணாடியை எடுத்துக்கிட்டு எந்தச் சேத்துல இறங்கப் போறீங்க?"

"போட முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

"முடியும். சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டணும். இல்லைன்னா ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது டயர் உரசும். மீட்டர் காட்டுற வேகத்தைவிட வண்டி கூடப் போகும், அதை மனசுல வெச்சுக்கங்க. ஸ்டெப்னி பழைய இடத்துல உட்காராது. பிரேக் இப்ப பிடிக்கிற மாதிரி பிடிக்காது."

கண்ணாடிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவருக்குப் போட்டதுக்கு ஒரு சைஸ் பெருசு இருக்கா?"

"அதைப் போடணும்னா வண்டியை அறுக்கணும்."

"சரி, அதே சைஸ் போடுங்க, அதே ஸ்பேசரும் வைங்க. காத்தையாவது கொஞ்சம் கூட அடிங்க."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. டயர்க்கடைக்காரர் என்ன பாரம் ஏற்றுவீர்கள், எந்த ரோட்டில் போவீர்கள் என்றெல்லாம் கேட்டார். யார் ஏறி உட்காருவார்கள் என்று கேட்கவில்லை. கண்ணாடிக்காரரும் தனக்குள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. கழற்றிய நாலு டயரையும், "யாராவது கேட்டா குடுத்துடுங்க" என்று கடையிலேயே விட்டுவிட்டார்.

அன்று பிற்பகல் ஒரு கடைக்கு ஆறு பெரிய கண்ணாடிகள் ஏற்ற வேண்டியிருந்தது. வழக்கமாக இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தள்ளில் வண்டியின் சட்டத்தில் போய் நிற்கும் கண்ணாடியை இப்போது இன்னும் நாலு விரல் தூக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கண்ணாடியிலேயே தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்பவர் முறைத்தார். கண்ணாடிக்காரர் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் மற்ற வண்டிகளின் கூரையெல்லாம் கண்ணுக்குக் கீழே தெரிந்தன. வலி போன இடம் தெரியவில்லை.

மாலையில் சகலை வீட்டுத் தெரு வழியாக வந்தார். அந்தத் தெருவில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. முதல் தடவை சகலை வாசலில் இல்லை, ஆகவே சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தார். இம்முறை இருந்தார்.

சகலை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரைப் பார்த்தார். பிறகு எதற்கோ பயணி பக்கத்துக் கதவருகே நின்று, அதன் படியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு சகலை" என்றார். "வெள்ளிக்கிழமை அத்தையை இதுலதான் கூட்டிட்டுப் போறீங்களா?"

"பின்னே? நான்தானே எப்பவும் கூட்டிட்டுப் போறேன்."

சகலையின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. பொறாமையை மறைக்கிற சிரிப்பு என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்துகொண்டார். அன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாமியார் வாசலுக்கு வந்தார். வழக்கம்போல முதலில் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து இருக்கையில் வைத்தார். வைப்பதற்குக் கையை உயர்த்த வேண்டியிருந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டி வளர்ந்திருக்கு?"

"சும்மா, டயர் மாத்தினேன் அத்தை. ஏறுங்க."

கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைத் தூக்கிப் படியில் வைத்தார். கால் எட்டியது. ஆனால் கீழே ஊன்றியிருந்த வலது கால் உடம்பைத் தள்ளவில்லை. இறங்கிவிட்டு மறுபடியும் முயன்றார். மூன்றாம் தடவை கண்ணாடிக்காரர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தும் பாதியில் நின்று, வலியில் உதட்டைக் கடித்தார். கண்ணாடிக்காரர் உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் முக்காலி எடுத்துவந்து போட்டார். மாமியார் அதில் ஏறி நின்றதும் அதன் கால் ஒன்று விரிந்தது. கண்ணாடிக்காரர் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது மாமியாருக்கு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"விடுங்க மாப்பிள்ளை" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லா இருந்த வண்டியை எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

கண்ணாடிக்காரர் டயரைப் பார்த்தார். மறைத்துப் பயனில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். "நீங்கதானே அத்தை சொன்னீங்க, சின்ன மாப்பிள்ளை வண்டி கம்பீரமா நிக்குதுன்னு."

மாமியார் அவரையே பார்த்தார். "அதுக்கா?" என்றார். "அந்த மனுஷன் என்னை நாலு தடவை கேட்டுட்டாரு, நான் கூட்டிட்டுப் போறேன் அத்தைன்னு. நாலு தடவையும் அந்த வண்டியில என்னால ஏற முடியாதுன்னுட்டேன். அன்னைக்கும் சாப்பிடறதுக்கு முன்னாடிதான் கேட்டாரு. முகம் தொங்கிப்போச்சு பாவம். வேற என்ன சொல்லித் தேத்துறது? வண்டியைப் பாராட்டி வெச்சேன்."

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு மாதமாகத் தன் வண்டி ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அதுவும் உயரம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருந்தார். வைத்துக்கொண்டவரை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

"அதுல ஏற முடிஞ்சிருந்தா அவரோட போயிருப்பீங்களா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டார்.

"ஒரு நாள் அவரு, ஒரு நாள் நீங்க. ரெண்டு பேரும் எனக்கு மாப்பிள்ளைதானே."

அப்போது ஒரு வெள்ளை பிக்கப் வந்து நின்றது. கம்பெனியிலிருந்து இறங்கிய அன்று இருந்ததுபோல் தாழ்வாக, சாதுவாக நின்றது. கண்ணாடிக்காரருக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சகலை இறங்கி வந்தார். கையையும் நகத்தையும் சுத்தமாகக் கழுவியிருந்தார், தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

"நேத்து டயர்க்கடைக்குப் போனேன்" என்றார் கண்ணாடிக்காரரைப் பார்க்காமல். "உங்களோட டயர் நாலும் சும்மா கிடந்துச்சு. என்னோட ஸ்பேசரையும் எடுத்துட்டு அதை மாட்டச் சொல்லிட்டேன்."

"வயல்ல புதைஞ்சா?"

"புதைஞ்சா டிராக்டர் வெச்சு இழுத்துக்கறேன்." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "வாரத்துல ரெண்டு நாள் பாலத்துல எதிர்ல வருவீங்க சகலை. அத்தை உங்க பக்கம் திரும்பி உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே வருவாங்க. எங்க வீட்டுல நான் பேசினா யாரு கேக்கறா? எனக்கு எப்படி எரியும் தெரியுமா?"

தன்னைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறு எரிந்திருக்கிறது, அதுவும் இந்த மனிதருக்கு. ஆறு வருடமாக இதற்காகத்தான் கண்ணாடிக்காரர் ஏங்கினார். அந்தச் சொல்லை நாலு தரம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார். ஆனால் பொறாமைப்பட வைத்த சொத்து இப்போது கையில் இல்லை. அது ஊன்றுகோலைத் தட்டித் தட்டி அடுத்த வண்டிக்கு நடந்துகொண்டிருந்தது.

மாமியார் பிடியைப் பிடித்தார், நல்ல காலைப் படியில் வைத்தார், அடுத்த காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் தாங்க வேண்டியிருக்கவில்லை. "வர்றேன் மாப்பிள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அவர் சொன்னபோது கதவு மூடிக்கொண்டது.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் கண்ணாடிக்காரர் தன் இருக்கையில் கிடந்த ஃபைலைப் பார்த்தார். அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் உள்ளேயே விடமாட்டார்கள். ஏறி உட்கார்ந்து பின்னாலேயே போனார்.

பாலத்துக்கு முந்தைய சிக்னலில் அவர்களைப் பிடித்துவிட்டார். உயரமான வண்டியில் ஒரு வசதி இருக்கிறது, முன்னால் நிற்கும் வண்டிக்குள் நடப்பதெல்லாம் பின்கண்ணாடி வழியே நன்றாகத் தெரியும். மாமியார் பாதி உடம்பைச் சகலையின் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். சகலை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஏதோ கிணற்றின் ஆழத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமியாரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. தன் கதைக்கும் அவர் இப்படித்தான் சிரித்திருப்பார் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த வரையில் அது முழுசாகக் கண்ணில் பட்டதில்லை.

பச்சை விழுந்தது. முன்வண்டி நகரவில்லை. கிணற்றுக் கதை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. கண்ணாடிக்காரர் ஹாரனை அழுத்தினார். தேவைக்கு மேல் நீளமாகவே அழுத்தினார். சகலை கையை மட்டும் வெளியே நீட்டி, யாரோ ஒரு அவசரக்காரருக்குச் சொல்வதுபோல், தாண்டிப் போகச் சொன்னார்.