மதியத்தில் கத்திய மயில்

என் மனைவியை அவளுடைய அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாக முடிவான வாரத்தில் நான் மயில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணியது நானில்லை, நான் எழுதிய புரோகிராம். மொட்டை மாடியில் ஒரு மைக், அதற்குப் பக்கத்தில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, மழை படாமலிருக்க ஐஸ்கிரீம் டப்பா. நாள் முழுக்க வருகிற சத்தங்களை அது மயில், காகம், குயில், நாய் என்று பிரிக்கும். எந்த மணிக்கு எது எத்தனை தடவை என்று சாயங்காலம் என் போனுக்கு அனுப்பும்.

புரோகிராம் எழுதுவது என் தொழில் இல்லை. கறம்பக்குடியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் கிரிக்கெட், எனக்கு இது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். போன கரண்டு திரும்பி வந்தால் போனில் சொல்லும் இன்னொன்றும் செய்தேன். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வீட்டில் கரண்டு வந்தால் உங்களுக்கென்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்குப் பிரிண்டர் ரிப்பேர் தெரிந்தே ஆக வேண்டும் என்று ஊரில் எவனோ சட்டம் போட்டிருக்கிறான். கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தவனை எழுப்பிக் கூட்டிப் போய்ப் பிரிண்டரைக் காட்டியிருக்கிறார்கள். எரிச்சல் எரிச்சலாக வரும். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

மயில் எண்ணும் வேலையைத் தொடங்கியது குழந்தை போன பிறகு.

ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் பார்த்துப் புடவையும் எடுத்தாகிவிட்டது. குழந்தை அசையவில்லை என்று அவள் சொன்னதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்தவர் திரையை எங்களுக்குத் தெரியாத பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது. பெண் குழந்தை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அடக்கம் பண்ணிவிட்டு வந்து குளித்தேன், யாரோ வாங்கி வந்த இட்லியைச் சாப்பிட்டேன். இட்லி நன்றாக இருந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது. அழுகை வரவில்லை. இப்போது வரும், ராத்திரி வரும் என்று எதிர்பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, உடம்பு முழுக்க. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சின்ன வயசுதானே, அடுத்தது நல்லபடியாகத் தங்கும் என்றார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் நான் லேப்டாப்பைத் திறப்பேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலை போட்டிருந்தவர், மயில் வந்து கொல்லையையே கொத்திவிட்டுப் போவதாகப் புலம்பினார். எத்தனை மயில் வருகிறது என்று கேட்டேன். அதை யார் உட்கார்ந்து எண்ணுவது என்றார். அவ்வளவு போதும் எனக்கு. அந்த வாரமே மைக்கை மாட்டினேன். வயரை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்குள் சண்டை கிண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. பால் வாங்கியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, இன்றைக்கு என்ன குழம்பு, இவ்வளவுதான் பேச்சு. மாதங்கள் இப்படியே போயின. பிறகு ஒரு நாள் கட்டுமாவடியிலிருந்து அவள் அண்ணன் எனக்குப் போன் போட்டார். மீன் ஏலத்துக்குப் போய் வருகிறவர், எப்போதும் கத்திப் பேசுவார். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சி கொஞ்ச நாளு இங்கிட்டு வந்து இருக்கட்டும். ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வாரேன்."

சரிங்க மச்சான் என்றேன். அவளிடம் சொன்னபோது அவளும் சரி என்றாள். அவள்தான் அவரிடம் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமலா இருக்கும். மறுநாள் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பீரோவின் மேல்தட்டிலிருந்து தன் பி.எட். சர்டிபிகேட் இருக்கிற ஃபைலையும் எடுத்து வைத்தாள். கொஞ்ச நாளைக்குப் போகிறவள் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போகமாட்டாள். எனக்குப் புரிந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. புரோகிராமில் ஒரு தப்பு இருந்தது. அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

தப்பு இதுதான். மயில் விடியற்காலையில் கத்தும், பொழுது சாய்கிற நேரத்தில் கத்தும், மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தால் கத்தும். உச்சி வெயிலில் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், வாயைத் திறக்காது. இது இந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் கணக்கிலோ தினமும் மதியத்தில் மயில். வெயில் பட்டு மைக் சூடேறுகிறது என்று நினைத்து டப்பாவின் மேல் ஈரச்சாக்கைப் போட்டேன். பயனில்லை. எதிர்வீட்டு இரும்பு கேட் கிறீச்சிடுகிறதோ என்று அதன் கீலில் நானே போய் எண்ணெய் விட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். துளி சந்தேகம் இருந்தாலும் கணக்கில் சேர்க்காதே என்று புரோகிராமை இறுக்கிப் பிடித்தேன். குயிலும் நாயும் பாதியாகக் குறைந்தன. மதிய மயில் மட்டும் குறையவில்லை. அது மயில்தான் என்று அடித்துச் சொன்னது கம்ப்யூட்டர்.

இன்னொன்றும் கவனித்தேன். சனி, ஞாயிறுகளில் மதிய மயில் இல்லை. அரசு விடுமுறைக்கும் இல்லை. லீவு போடுகிற மயில் எந்த ஊரில் இருக்கிறது?

அப்படியானால் வேலை நாளில் மட்டும் வருகிற ஏதோ சத்தம், ஸ்கூல் வேன் ஹாரனாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். போர்டிலேயே பதிவாகிக் கிடக்கும் சத்தத்தைப் போட்டுக் கேட்டிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துபோயிருக்கும். அதில் எனக்கு ஒரு வீம்பு. என் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் புரோகிராம் எதற்கு? மயிலின் குரலைக்கூட இணையத்திலிருந்து எடுத்துத்தான் அதற்குப் பழக்கினேன். எங்கள் மாடியில் பதிவான எதையும் அதுவரை நான் கேட்டதே இல்லை. எண்களைத்தான் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் வேலை குறைவு. பதினொரு மணி டீ வந்தது. வேறு வழி தோன்றாமல் போய்த் தொலைகிறது என்று இயர்போனை மாட்டி, போன் வழியாக மாடியிலிருந்த போர்டுக்குள் நுழைந்து, முந்தைய நாள் மதியத்தின் சத்தத்தைத் திறந்தேன். முதலில் பிளாஸ்டிக் வாளியைத் தரையில் வைக்கிற சத்தம். ஈரத்துணியை உதறுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் அழுதாள். உயர்ந்துகொண்டே போய்ச் சட்டென்று உடைந்து இறங்கும் குரல், மறுபடியும் அதே மாதிரி. வார்த்தை எதுவும் இல்லை. பிறகு மூக்கைச் சிந்தினாள், துணி காயப்போட்டாள், வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்கு முந்தைய நாளைத் திறந்தேன். அதற்கும் முந்தைய நாளைத் திறந்தேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. தலைவலி என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்கதவு சாத்தியிருந்தது. மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள். மைக் ரிப்பேரா என்று கேட்டாள். இல்லை என்றேன். நேற்று மதியம் பதிவானதைப் போட்டுக் கேட்டேன், அதற்கு முந்தின சில நாள்களையும் கேட்டேன், அதுதான் வந்தேன் என்று சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்குத்தான் கேட்டீங்களா?"

"ஆமா."

"மைக்க மாட்டுன அன்னைக்கு என்ன சொன்னீங்க? எல்லாச் சத்தமும் ஒங்க போனுக்கு வந்துரும்னு சொன்னீங்க. நீங்க தெனமும் கேக்குறீங்கன்னுல்ல நெனச்சேன். ஒங்க மூஞ்சிக்கு நேரா அழ முடியல. இப்படியாச்சும் ஒங்க காதுல விழட்டும்னுதான் இங்கிட்டு வந்து அழுதேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, வீட்டுக்கு வந்து, என்ன கொழம்புன்னு கேக்குறாரேன்னு இருந்தேன்."

எதிரே தரையில் உட்கார்ந்தேன். வெயிலில் தரை சுட்டது.

சத்தம் வராது, எண்ணிக்கை மட்டும்தான் போனுக்கு வரும் என்று சொன்னேன். பதிவான சத்தத்தை இன்றைக்கு வரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றேன்.

"என்னன்னு எண்ணுச்சு என்னைய?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

"மயில்னு."

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மைக் இருந்த டப்பாவையும் அதன் மேல் கிடந்த சாக்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உங்களுக்கு அழுகையே வரவில்லையா என்று கேட்டாள். இத்தனை மாதங்களில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வரவில்லை என்றேன். ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, புதைத்துவிட்டு வரும்போதும் வரவில்லை, என்ன மனுஷன் நான் என்று எனக்கே தெரியவில்லை, உன் முன்னால் உட்காரக் கூச்சமாக இருந்தது, அதனால்தான் கண்டதையும் செய்துகொண்டிருந்தேன் என்றேன். அவள் கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் விட்டாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது அவள் போன் அடித்தது. அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வர என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது.

"இந்த வாரம் வேணாம்ண்ணே. அடுத்த வாரம் சொல்றேன்," என்றாள். அவர் ஏதோ கேட்டார். "பையெல்லாம் கட்டித்தான் வச்சிருக்கேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு அழுதாள். இயர்போனில் கேட்டதைவிடச் சன்னமாக இருந்தது. மயில் மாதிரியே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். துணி துவைத்துத் துவைத்து விரல் நுனியெல்லாம் ஊறிப்போயிருந்தது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பயம் வந்தது. அடுத்த வாரம் இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம். குழந்தை போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். நீ போயிருவியோன்னு பயமா இருக்கு என்று அவளிடம் சொன்னேன்.