ஜெயக்கொடி அக்காவின் இடது கன்னம்

போன புதன்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெயக்கொடி அக்காவின் எண். "என்னக்கா, இன்னைக்கும் லீவா?" என்றுதான் எடுத்தேன். மறுமுனையில் அவருடைய தம்பி பாலமுருகன். குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து இறக்கி வைத்த அக்கா, நெஞ்சு வலிக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. "அக்கா போயிருச்சு" என்று சொன்னான் தம்பி. போனை வைக்கவில்லை. நானும் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

தீபாவளி நெருங்கிவிட்டது. அக்கா பார்க்க ஆசைப்பட்ட படம் தீபாவளிக்குத்தான் வருகிறது. பாவி மனுஷி, இவ்வளவு காலம் காத்திருந்துவிட்டு இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. சாவுச் செய்தி கேட்ட நேரத்தில் சினிமா நினைப்பா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அக்காவைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில், டிசைன் பிரிவில், நானும் அவரும் அடுத்தடுத்த கம்ப்யூட்டரில் வேலை பார்த்தோம். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குச்சக்கரம் எதுவானாலும் பெட்டி மேல் ஒரு சிரித்த முகம் வேண்டும். அந்த முகத்தில் பருத் தழும்பு இருக்கக்கூடாது, கண்ணுக்குக் கீழே கறுப்பு இருக்கக்கூடாது, மூக்கு மினுங்கக்கூடாது. இதையெல்லாம் அழிப்பதற்கு டச்சப் என்று பெயர். அதில் அக்காவை அடிக்க ஆள் கிடையாது. எத்தனையோ நடிகைகள் அவர் கையால் இன்னும் அழகாகித்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

அவருடைய முகமோ இடது கண்ணுக்குக் கீழிருந்து கழுத்து வரை தோல் சுருங்கி, இழுத்துத் தைத்தது போல இருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். நானும் வேலைக்குச் சேர்ந்த அன்று அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னேன். "கம்ப்யூட்டருக்கு வணக்கம் சொல்லியாச்சு. எனக்கும் ஒண்ணு சொல்லிருங்க, பக்கத்துலதான் இருக்கேன்" என்றார் அக்கா. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது அவருடைய எலுமிச்சை ஊறுகாயில் பாதி என் டப்பாவில் இருந்தது. மறுநாளிலிருந்து 'வாங்க போங்க' போய் நான் 'புள்ள' ஆகிவிட்டேன்.

அவர் பிறந்தது தாயில்பட்டி. எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்து வீட்டில் பட்டாசுக்கான கருந்திரியை உலர்த்திப் போட்டிருந்த இடத்தில் எப்படியோ தீப்பொறி விழுந்திருக்கிறது. விளையாடப் போன பிள்ளையை வாழை இலையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். இதை எனக்குச் சொல்லும்போது யாரோ ஒரு தெருக்காரரின் கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது நடந்ததைச் சொல்கையில் மட்டும் குரல் மாறியது. தரகரிடம் கொடுப்பதற்கு எடுத்த போட்டோவில் ஸ்டூடியோக்காரர் கன்னத்தைச் சுத்தமாகச் சரிசெய்து கொடுத்துவிட்டாராம். அதை நம்பி வந்த மாப்பிள்ளை வீட்டார் நேரில் பார்த்ததும் காபித் தம்ளரைத் தொடாமல் எழுந்துபோனார்கள். "அவுக போனதுகூடப் பெருசில்ல புள்ள. அந்தப் போட்டோவில இருந்தவளை எனக்கே யாருன்னு தெரியல" என்றார். அதற்குப் பிறகு கல்யாணம் என்ற பேச்சையே அவர் வீட்டில் எடுக்கவிடவில்லை. தம்பியைப் படிக்க வைத்தார், அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார், அவன் பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்தார்.

இப்படிப்பட்டவர் கைக்குத்தான் ஒரு நாவல் போய்ச் சேர்ந்தது. அதன் முழுப் பெயரை நாங்கள் சொல்வதே இல்லை, எங்களுக்கு அது 'பாக்கியம் கதை'. பட்டாசுத் தொழிற்சாலை வாசலில் டீக்கடை போட்டிருக்கும் அன்னபாக்கியம்தான் கதாநாயகி. பாதி முகம் தீயில் வெந்தவள். ஆனால் கதை அதைப் பற்றி மூக்கைச் சிந்துவதில்லை. அவள் வடை சுடுவாள், சீட்டு பிடிப்பாள், லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர் ஒருவரிடம் மனதைக் கொடுப்பாள், அவர் பொய் சொன்னார் என்று தெரிந்ததும் கடை பெஞ்சிலிருந்து எழுப்பி விரட்டுவாள். கடைசிப் பக்கத்தில் வழக்கம்போலக் கடையைத் திறந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த முகம் அப்படியேதான் இருக்கும்.

"கதையில தழும்பு உள்ள பொம்பளை வந்தா ஒண்ணு செத்துப்போவா, இல்லன்னா சாமியாராப் போவா. இவ வடைல்ல சுடுறா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அக்கா. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்குப் படித்துக்காட்டுவார். பைண்டிங் பெண்கள்கூட வந்து உட்காருவார்கள். வருடா வருடம் படித்தாலும் டிரைவரை விரட்டும் இடம் வந்தால் எல்லோரும் கை தட்டுவோம். அந்த நாவல் பிடித்தவர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழுவும் உண்டு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்த அந்த வாசகர்கள் அக்காவை நேரில் பார்த்ததில்லை. அக்கா முகப்புப் படமாகத் தன் முகத்தைத்தான் வைத்திருந்தார். அதைப் பற்றி அங்கே யாரும் எதுவும் கேட்டதும் இல்லை.

பாக்கியம் கதையைப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் குழுவில் ஒரே சண்டை. டிரைவராக யார் நடிக்க வேண்டும், பேச்சு நம்ம ஊர்ப் பேச்சாக இருக்குமா, வெளிநாட்டில் பாட்டு வைத்துவிடுவார்களா என்று ஆளாளுக்குப் பொங்கினார்கள். எனக்குச் சினிமா என்றால் உயிர். அதனால் எப்படியாவது எடுத்தால் சரி என்ற கட்சி நான். அக்கா குழுவில் ஒன்றும் எழுதவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்:

"அந்தக் கன்னத்தை வுட்டு வைப்பாகளா புள்ள?"

அதற்குப் பிறகு அவருக்கு அது ஒன்றுதான் கவலை. கடைசியில் ஆபரேஷன் செய்து பாக்கியத்தை அழகியாக்கிக் காட்டப்போகிறார்கள் என்று எவனோ ஒரு புண்ணியவான் குழுவில் கிளப்பிவிட்டான். அக்கா அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் அவனைக் குழுவிலேயே நன்றாக வாங்குவாங்கு என்று வாங்கினேன்.

விஸ்வநத்தம் பக்கம் ஷூட்டிங் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அரைநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் போனோம். நல்ல வெயில். கயிறு கட்டித் தூரத்தில்தான் நிறுத்தினார்கள். குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, பாக்கியமாக நடிக்கும் நடிகை உட்கார்ந்திருந்தார். முகம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கோடு கிடையாது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "வா போவோம்" என்றார். தீப்பிடிப்பதற்கு முந்திய காட்சியாக இருக்கும், இன்னும் மேக்கப் போட்டிருக்க மாட்டார்கள் என்று பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். "சும்மா இரு புள்ள. அவுகளும் என்ன செய்வாக, நாலு பேரு பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த நடிகை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் நான் உளறியதுதான் உண்மையாக இருந்திருக்கிறது. பங்குனியில் படத்தின் முதல் போஸ்டர் வந்தது. டீக்கடை அடுப்புக்குப் பின்னால் பாக்கியம் நிமிர்ந்து நிற்கிறாள், இடது கன்னம் முழுக்கத் தழும்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து என் போனை வாங்கினார். டச்சப் பார்க்கிற கண் அல்லவா, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "மேக்கப்தான். ஆனா சுருக்கம் சரியா விழுந்திருக்கு. அவளேதான்" என்று சொன்னவர், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். சாயங்காலம் எங்கள் டிசைன் பிரிவுக்கே சேவும் சீனி மிட்டாயும் வாங்கிக்கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம். தீபாவளிக்கு எந்தப் படம் வருகிறதோ அதன் முகம் பட்டாசுப் பெட்டியில் ஏற வேண்டும். பெட்டி சித்திரையிலேயே அச்சுக்குப் போய்விடும், படத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாக்கியத்துக்கும் ஆர்டர் வந்தது, கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு. அந்தப் போஸ்டர் படமேதான் வேண்டும், ஆனால் கன்னத்தைச் சரிசெய்து தர வேண்டும் என்று பட்டாசுக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

முதலாளியே எழுந்து எங்கள் இடத்துக்கு வந்தார். நல்ல மனிதர். "ஜெயக்கொடி, தப்பா நெனைக்காத தாயி. பட்டாசுப் பெட்டியில தீக்காயத்தைப் போட்டா எந்தத் தாய் பிள்ளைக்கு வாங்கிக் குடுப்பா?" என்றார்.

"அப்ப வேற படம் போடச் சொல்லுங்க மொதலாளி. மயிலைப் போடுங்க, ரோசாப்பூவைப் போடுங்க. இவ எதுக்கு?"

ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் முதலாளி. உனக்கு மனசில்லை என்றால் வேறு யாராவது செய்யட்டும் என்றும் சொன்னார். நான் செய்கிறேன் என்று என் பக்கம் ஃபைலை இழுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "வேணாம். நீ செஞ்சா கன்னத்தை மொழுமொழுன்னு பொம்மையாட்டம் ஆக்கிருவ" என்று சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார்.

அவர் கை பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு மாறவில்லை, அடுப்பு வெளிச்சம்கூட அந்தக் கன்னத்தில் அப்படியே விழுந்தது. தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. முடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சினிமாக்காரன் வுட்டு வச்சதை நான் அழிச்சிட்டேன் பாத்தியா" என்றார்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், குடித்தார். அடுத்த ஃபைலைத் திறந்தார். அதற்குப் பிறகு மத்தியானத்தில் அந்த நாவலை அவர் எடுத்துவரவில்லை.

ஆனால் படத்துக்குக் காத்திருப்பதை மட்டும் விடவில்லை. கடைசிக் காட்சி என்ன ஆகும் என்பதுதானே இன்னும் பாக்கி. தீபாவளியன்று முதல் காட்சிக்கே நாம் இரண்டு பேரும் போகிறோம் என்று அவர் போவதற்கு முந்தின வாரம்கூடப் பேசிவைத்திருந்தோம். "ஆபரேசன் பண்ணிக் காட்டிட்டாகன்னா நான் சத்தம் போடாம எந்திரிச்சு வந்துருவேன். நீ இருந்து பாத்துட்டு வா, ஒனக்குச் சினிமான்னா உசுராச்சே" என்றார். நீங்கள் இல்லாமல் எனக்கென்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று சண்டைக்குப் போனேன்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு நிமிர்வதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நம் அச்சகத்திலேயே அடிப்போம், நீ வந்து செய்துகொடு என்றார். சாயங்காலம் எடுப்பதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். பாலமுருகன் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தான். அவன் மகள் காதுகுத்தில் எடுத்தது. அக்கா நேராக கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். என் பக்கத்தில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. தம்பி அதில் உட்காரவில்லை, நின்றுகொண்டே மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, அந்தக் கன்னத்தை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிருங்க. கடைசியாவது எங்கக்கா அழகா இருந்துட்டுப் போகட்டும்."

பாசத்தில்தான் கேட்டான். அவனுக்காகவே வாழ்ந்த அக்காவுக்கு அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருப்பான். சரி என்று தலையாட்டினேன். வேலையில் உட்கார்ந்தேன். படத்தில் பின்னால் தெரிந்த டியூப்லைட்டை அழித்தேன், யாரோ ஒருவருடைய தோளை அழித்தேன். மவுஸைக் கன்னத்துக்குக் கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. தரகரிடம் போன அந்தப் பழைய போட்டோதான் ஞாபகம் வந்தது. அதில் இருந்தவளை அவருக்கே யாரென்று தெரியவில்லையே. இன்றைக்கு நானும் அப்படி ஒருத்தியைச் செய்து, அவள் பெயர் ஜெயக்கொடி என்று ஊர்ச் சுவரில் ஒட்டவா? என்னால் ஆகாது. கன்னத்தை அப்படியே விட்டு, பெயரை மட்டும் கீழே போட்டு, மாதிரித்தாள் ஒன்று எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன்.

அவன் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். காலையிலிருந்து அழாத பிள்ளை அப்போதுதான் அழுதான்.

"இப்படியே இருக்கட்டும்க்கா" என்றான். "இல்லன்னா சாவு வீட்டுக்குக் கேதம் கேக்க வாரவுக, இது யாருன்னு கேப்பாக."

ஜெயக்கொடி அக்கா, உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாப் பக்கம் நின்றேன். சுவரில் பாக்கியத்தின் சினிமா போஸ்டர் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளி உங்களை ஒட்டியிருந்தார்கள், பசை இன்னும் காயவில்லை. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் இரண்டு பேர் உங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூடத் தரையைப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு நான் தனியாகத்தான் போகப்போகிறேன். அந்தக் கன்னத்தைக் கடைசிவரை விட்டுவைத்திருந்தால் உங்களுக்கும் சேர்த்துக் கை தட்டுவேன். சரிசெய்து காட்டினால், நீங்கள் சொன்னபடி சத்தம் போடாமல் எழுந்து வந்து, இந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறேன். போய் வாருங்கள் அக்கா.